அரை நாள் கிராணி குடும்பம்

எங்கள் குடும்பம் அரை நாள் கிராணி குடும்பமாக இருந்தது. காலை ஏழு மணி ரயிலில் ஏறியதும் அந்தப் பதவி வந்தது. மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் போய்விட்டது. அந்த ஆறு மணி நேரத்தில் நாங்கள் நடந்துகொண்ட விறைப்பில் உண்மையான கிராணிகள்கூட நடந்திருக்க மாட்டார்கள்.

கிராணி என்றால் ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் பேனா பிடிப்பவர். எங்கள் வீட்டில் பேனா பிடித்தது நான் ஒருத்திதான், அதுவும் நான்காம் வகுப்பில். தாத்தா சாகிறவரை பால்மரம் வெட்டியவர். அப்பாவும் மரம் வெட்டித்தான் மண்டோரானார். ஆனபிறகு மற்றவர்கள் வெட்டுவதை மேய்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் மேய்த்தவர்களில் அம்மா, பெரியப்பா, பெரியம்மா மூவரும் சேர்த்தி. தோட்டத்தில் பாதி அப்போதே எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிவிட்டது. எங்கள் பக்கத்துச் சரிவில் மட்டும் இன்னும் ரப்பர் நின்றது.

எங்களைக் கிராணி குடும்பமாக்கியவர் அத்தை. அப்பாவுக்கு ஒரே தங்கை. படித்துக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய், அங்கேயே ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டார். மாமாவின் குடும்பம் யாழ்ப்பாண வழி வந்தது. அம்பாங்கானில் வீடு, தலைமுறை தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம். மாமாவுக்குப் பெற்றவர்கள் இல்லை, லண்டனில் ஆசிரியையாக இருந்த அக்காதான் எல்லாம். கல்யாணப் பேச்சு வந்தபோது அந்த அக்கா தொலைபேசியில் அத்தையிடம், உங்கள் அப்பா என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். அத்தை பதறிப்போய், தோட்டத்தில் கிராணி என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கு உண்மை தெரியும். ஆனால் சொன்ன பொய்யைத் திருப்பி வாங்க இருவருக்குமே தைரியம் வரவில்லை. கல்யாணத்துக்கு அந்த அக்காவால் வர முடியாமல் போனதால் பொய்யும் லண்டனிலேயே பத்திரமாக இருந்தது.

ஆறு வருஷம் கழித்து அவர் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். தம்பி மனைவியின் சொந்தக்காரர்களைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கேதான் வந்தது வினை.

தோட்டத்துக்கு அழைத்து வந்தால் தொழிலாளர் வரிசையில் நிற்கும் எங்கள் லயத்து வீடே சாட்சி சொல்லிவிடும். யோசித்து யோசித்து அத்தை ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். கோலாலம்பூரில் ரயிலை விட்டு இறங்கினால் ஒரு பாலம், பாலம் முடிந்தால் பெரிய மால். அங்கே வந்துவிடுங்கள், சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போகலாம் என்றார். மாலில் யாரும் யாருடைய வீட்டையும் பார்க்க முடியாது இல்லையா. அப்புறம் கொஞ்சம் தயங்கி, யாராவது கேட்டால் நம் அப்பா கிராணியாக இருந்தார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள் அண்ணே என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டார்.

அப்பா சரி என்றார். சொல்லிவிட்டு வெகு நேரம் கைத்தொலைபேசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து அது ஒன்றுதான். அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. செத்தவரைப் பற்றிப் பொய் சொல்லுவதா என்று பாத்திரங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பாதான் நிலைமையைச் சமாளித்தார்.

"அரை நாளுதானே லா. கிராணி மவனா இருந்துட்டு வந்துருவோம். யாரு வேணாம்னா?"

எனக்கோ கொண்டாட்டம். ஆனாலும் அத்தை மேல் கோபமும் இருந்தது. அவர் வரும்போதெல்லாம் என் தலையைப் பார்த்து, ஏன் இவ்வளவு எண்ணெய் என்று கேட்பார். இப்போது தாத்தாவையும் பார்த்து அப்படிக் கேட்டுவிட்டதாக எனக்குப் பட்டது.

சிரம்பானில் ரயில் ஏறும்போது அப்பாவும் பெரியப்பாவும் சட்டைப் பையில் ஆளுக்கொரு பேனா செருகியிருந்தார்கள். இரண்டும் என்னுடையவை. அம்மா விடியற்காலையில் எழுந்து தேங்காய்ப்பால் சோறும் சம்பாலுமாக நாசி லெமாக் கட்டி ஒரு பெரிய பையில் வைத்திருந்தார். அதை மாலில் வெளியே எடுக்கவே கூடாது என்று அத்தை ஏற்கெனவே சொல்லியிருந்தார். அப்படியும் அம்மா கட்டினார். பொய் சொல்லச் சொன்னதற்கு அவர் காட்டிய எதிர்ப்பு அது என்று நினைக்கிறேன். ரயிலில் நான் ஜன்னலைப் பார்த்து, எங்கள் தாத்தா கிராணி, எங்கள் தாத்தா கிராணி என்று பாடம் பண்ணிக்கொண்டே போனேன்.

மாலுக்குள் நுழைந்ததும் முதலில் குளிர் அடித்தது. அடுத்தது உயரம். நடுவில் பெரிய வெட்டவெளி. அதைச் சுற்றி ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு மாடிகள், மாடிக்கு மாடி கண்ணாடிக் கைப்பிடிச் சுவர். ஒரு கண்ணாடி லிஃப்ட் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தது. கீழே நட்டநடுவில் ஒரு பெரிய மரம். அதன் அடியில் அத்தையும் மாமாவின் அக்காவும் நின்றிருந்தார்கள். மாமாவுக்கு அன்று வேலை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மகள் பாப்பா நின்றாள், நான்கு வயது.

மாமாவின் அக்காவை நான் ஆண்ட்டி என்றேன். குட்டையாக வெட்டிய நரைமுடி, வெள்ளைக் காற்சட்டை, தோளில் தோல்பை. எல்லாரிடமும் கை குலுக்கினார். அம்மாவின் கையைப் பிடித்தவர் உடனே விடவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு இன்னொரு கையால் மெல்லத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் விட்டார். அம்மா வெட்கப்பட்டுக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

பத்து நிமிஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு பெரியப்பா அந்த மரத்தின் பக்கத்தில் போனார். ஆள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கீறினார். கீறிய இடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக்கு. பால் வராது" என்று அப்பாவிடம் அறிவித்தார். அத்தையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆண்ட்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

பேச்சை மாற்ற அத்தை எல்லாரையும் காப்பிக் கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். என்னைக் கூப்பிட்டுப் பாப்பாவின் கையை என் கையில் கொடுத்து, விடவே கூடாது என்றார். பாப்பாவுக்கும் நான்தான் வேண்டும். பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் தோட்டத்தில் வந்து இருந்துவிட்டுப் போனவள். அப்போது அவளுக்கு நான் ஒரே ஒரு பாடம் கற்றுக்கொடுத்தேன்: குரல் கொடுப்பது.

எங்கள் தோட்டத்தில் மரங்களை வரிசை வரிசையாகப் பிரித்து நிரை என்பார்கள். ஆளுக்கு ஒரு நிரை. இருட்டு பிரியாத நேரத்தில் அவரவர் நிரையில் தனியாக வெட்டிக்கொண்டு போவார்கள். நிரை முனைக்கு வந்ததும் நின்று, ஓஓய் என்று நீளமாக ஒரு குரல் கொடுக்க வேண்டும். பக்கத்து நிரைக்காரர் பதில் குரல் கொடுக்க வேண்டும். பதில் வந்தால் மேலே வேலை. வரவில்லை என்றால் வாளியைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் நின்றுவிடுவார்கள். பாம்போ பன்றியோ மயக்கமோ, என்னவென்று பார்க்காமல் ஒருவரும் ஒரு மரம்கூட வெட்ட மாட்டார்கள். நானும் பாப்பாவும் லயத்து வீட்டுக்குள் அதையே விளையாட்டாக விளையாடுவோம். நான் கூப்பிடுவேன், அவள் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு பதில் குரல் கொடுப்பாள்.

காப்பிக் கடைக்குப் போகும் வழியில் கண்ணாடி லிஃப்ட் கீழே இறங்கி வந்தது. அதன் அடியில் சக்கரமும் கம்பியும் சுழல்வது தெரிந்தது. இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்து நெற்றியை ஒட்டிப் பார்த்தால்தான் முழுதாகத் தெரியும். நான் இரண்டு கையையும் வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. லிஃப்ட் மேலே போனது. நான் திரும்பினேன். பாப்பா இல்லை.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். நான்தான் கையை விட்டேன் என்பதையும் சொன்னேன். அதை ஒளிக்கிற அளவுக்கு எனக்கு மூளை ஓடவில்லை. அம்மா கை ஓங்கினார். அத்தை குறுக்கே வந்து, அவள் சின்னப் பிள்ளை, நான்தான் பார்த்திருக்க வேண்டும் என்றார்.

எல்லாரும் விசாரணை மேசைக்கு ஓடினோம். மேசையில் இருந்த பெண் பெயர், வயது, சட்டை நிறம் எல்லாம் எழுதிக்கொண்டார். மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டு முறை அறிவித்தார்கள். பாட்டுச் சத்தத்தோடு அதுவும் கலந்துபோனது. இங்கேயே நில்லுங்கள், யாராவது கொண்டுவந்து விடுவார்கள் என்று வாசலில் காவல் நின்ற ஜாகாக்காரர் சொன்னார். நின்றோம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். சுற்றி ஆயிரம் பேர் போகிறார்கள், வருகிறார்கள். அத்தை மகளின் பெயரைச் சொல்லி மெதுவாக, மிக மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டு அந்த மேசையையே சுற்றிவந்தார். அக்கம்பக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதுபோல் இருந்தது அந்தக் கூப்பாடு.

அதுவரை அப்பா கையைக் கட்டிக்கொண்டு, கிராணி எப்படி நிற்பாரோ அப்படி நின்றிருந்தார். திடீரென்று சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்தார். தலையை நிமிர்த்தி நான்கு மாடிகளையும் ஒருமுறை பார்த்தார். பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் ஆள் பிரிக்கும்போது அவர் பார்க்கும் பார்வை அது.

"இது நிரைதான். ஆளுக்கு ஒரு மாடி. பத்துக் கடைக்கு ஒருக்கா வந்து எட்டிப் பாத்துக் குரல் குடுக்கணும்."

முதல் மாடி அம்மாவுக்கு, இரண்டாவது பெரியப்பாவுக்கு, மூன்றாவது பெரியம்மாவுக்கு. வாசலை விட்டு நகரக் கூடாது என்று ஜாகாக்காரரிடம் மலாயில் சொன்னார். அவரும் என்ன நினைத்தாரோ, சரி என்று தலையாட்டினார். ஆண்ட்டியைப் பிளாஸ்டிக் மரத்தடியில் நிறுத்தி, எங்கள் பைகளையெல்லாம் அவர் காலடியில் வைத்து, நீங்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்றார். லண்டனில் எத்தனை வகுப்புகளை நிற்கவைத்தாரோ, அவர் மறுபேச்சில்லாமல் நின்றார். எல்லாம் முடிந்து அப்பா அத்தையிடம் திரும்பினார்.

"நாலாவது நிரை ஒன்னோடது."

"அண்ணே, இங்கயாண்ணே? வேணாம்ண்ணே. எல்லாரும் பாப்பாங்க."

அப்பா ஆள் பிரித்துவிட்டால் பிரித்ததுதான். அத்தை ஆண்ட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் ஓடினார்.

நான் அப்பாவின் பக்கத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கடைக்குக் கடை நுழைந்து, குனிந்து மேசைக்கடியில் எல்லாம் பார்த்துவிட்டு வெளியே வந்தார். பெரியப்பா சட்டை தொங்கும் கம்பிகளை லாலான் புல்லைப் பிரிப்பதுபோல் இரண்டு கையாலும் பிரித்துக்கொண்டே போனார். கடைக்காரர்கள் யாரும் ஒன்றும் சொல்லத் துணியவில்லை. நேரம் பார்த்து அப்பா நெஞ்சை நிமிர்த்தி முதல் குரலைக் கொடுத்தார்.

ஓஓய்!

அம்மம்மா! காட்டில் மரமும் இலையும் பாதியைக் குடித்துவிடும். இங்கே குடிக்க ஒன்றுமில்லை. கண்ணாடியிலும் சலவைக்கல்லிலும் பட்டு அந்தக் குரல் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. மின்படிக்கட்டில் போய்க்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அது அடங்குமுன் முதல் மாடியிலிருந்து அம்மாவின் குரல், அதன்மேல் பெரியப்பாவின் கட்டைக்குரல், அதற்கும் மேலே பெரியம்மாவின் கீச்சுக்குரல். யாரோ ஒருவர் பாட்டை நிறுத்திவிட்டார். இரண்டு ஜாகாக்காரர்கள் எங்களை நோக்கி ஓடி வந்தார்கள். ஆண்ட்டி கையைத் தூக்கி, ஆங்கிலத்தில் என்னவோ நாலு வார்த்தை சொன்னார். இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் அதற்குமுன் எங்கேயும் நின்றதில்லை.

ஆனால் நான்காவது மாடியிலிருந்து பதில் வரவில்லை.

அத்தை அங்கேதான் இருந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. வாய் மூடியிருந்தது. அம்மா முதல் மாடியில் அப்படியே நின்றுவிட்டார். பெரியப்பாவும் பெரியம்மாவும்கூட நின்றுவிட்டார்கள். ஒரு நிரை பேசவில்லை என்றால் மற்ற நிரைகள் நகரக் கூடாதே. அப்பா மறுபடி குரல் கொடுத்தார். வரிசையாக மூன்று பதில், பிறகு மௌனம். அத்தை எங்களைப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் மரத்தடியில் பைகளுக்கு நடுவே நின்ற ஆண்ட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையைக் காணோம், ஒரு சத்தம் போடுவதற்கு இவருக்கு என்ன வந்தது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்பா மூன்றாவது முறை கூப்பிட்டார். அதில் கோபம் இல்லை. கொஞ்சம் கெஞ்சல் இருந்தது.

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் வாயைத் திறந்தார்.

அந்த மாதிரி ஒரு குரலை எங்கள் தோட்டத்திலேயே நான் கேட்டதில்லை. அத்தை தொலைபேசியில் பேசும் ஆபீஸ் குரல் அது இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் உடைந்து, உடைந்த இடத்திலிருந்து இன்னும் மேலே ஏறி, இறங்க மனமில்லாமல் நின்றது. அப்பாவின் குரல்கூட அதற்கு முன்னால் கைகட்ட வேண்டும். ஒன்பது வயதிலிருந்து தாத்தாவோடு மரத்தில் உறைந்த கட்டிப்பால் பொறுக்க வந்தவள், இவள் குரல் கொடுத்தால் அடுத்த டிவிஷனில் பதில் வரும் என்று அப்பா எப்போதோ சொன்னது எனக்கு நினைவு வந்தது.

அந்தக் குரல் ஓய்ந்த இடத்தில், மூன்றாவது மாடியில் எங்கிருந்தோ, அரிசியளவு சின்னதாக ஒரு சத்தம்.

ஓஓய்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் வாயைத் திறக்காத பாப்பா அவள் அம்மாவுக்குத் திறந்துவிட்டாள். பெரியம்மா அந்த வயதில் அப்படி ஓடியதை நான் பார்த்ததில்லை. ஒரு செருப்புக் கடைக்குள் பாய்ந்தார். உட்கார்ந்து போட்டுப் பார்க்கும் பெஞ்சுக்கடியில், இரண்டு காலிலும் பொம்பளைச் செருப்பை மாட்டிக்கொண்டு, கண்ணீரும் மூக்குமாக ஒடுங்கிக் கிடந்தாளாம். பெரியம்மா அவளைத் தூக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவருக்கு வந்து, சாமி ஊர்வலத்தில் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவதுபோல் மால் முழுவதற்கும் தூக்கிக் காட்டினார். மின்படிக்கட்டில் நின்ற ஒரு சீனக் கிழவர் கை தட்ட ஆரம்பித்தார். பிறகு எல்லா மாடியிலும் கைதட்டல். அந்தக் கைதட்டல் முழுவதும் எங்களுக்கு. பெரியப்பா இரண்டாவது மாடியிலிருந்து கையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டார்.

மரத்தடியில் எல்லாரும் கூடினோம். அத்தை வெறுங்காலோடு, முடி கலைந்து, பாப்பாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றார். அழவில்லை. ஆண்ட்டி பாப்பாவின் மூக்கைத் துடைத்துவிட்டார். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு அத்தையிடம் சாதாரணமாகப் பேசினார்.

"எங்கட அப்பப்பாவும் கிராணிதான். நான் பிறந்ததே கிராணி வீட்டிலதான். அங்க ஒருத்தருக்கும் இப்பிடிக் குரல் குடுக்க வராது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொய் பிடிபட்டுவிட்டது. சொல்லிக் கொடுத்ததை இப்போதாவது சொல்ல வேண்டுமா என்று அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்க்கவில்லை.

"எங்கப்பா மரம் வெட்டுனவரு, அக்கா. நானும் வெட்டியிருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லி முடித்ததும் உடைந்து அழுதார். அழுகையென்றால் சாதாரண அழுகை இல்லை. தோள் குலுங்க, சிரிப்பும் நடுநடுவே வர, பாப்பாவே பயந்துபோய் அம்மாவின் வாயைப் பொத்துகிற மாதிரி ஓர் அழுகை. ஆண்ட்டி அவர் முதுகைத் தடவிக்கொண்டே, தெரியும் தெரியும் என்றார். அம்மாவின் காய்த்துப்போன கையைப் பிடித்த அப்போதே தெரியும் என்றார். பிறகு எங்கள் பையைக் காட்டி, ஒரு மணி நேரமாக என் காலடியில் சம்பால் மணக்கிறது, இதை எப்போது பிரிக்கப்போகிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டார். பிளாஸ்டிக் மரத்தைச் சுற்றியிருந்த திண்டில் உட்கார்ந்து எட்டுப் பேரும் நாசி லெமாக் சாப்பிட்டோம். ஜாகாக்காரருக்கும் ஒரு பொட்டலம் போனது.

திரும்புகிற ரயிலில் எங்களைப் பிடிக்க முடியவில்லை. யார் குரல் எதுவரை போனது என்று பெரியப்பா எழுந்து நின்று விளக்கிக்கொண்டு வந்தார். அம்மா சத்தமாகச் சிரித்தார். நான் அப்பா திருப்பிக் கொடுத்த பேனாவைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மொத்தத்தில் நாங்கள் ஜெயித்துவிட்டோம், அத்தை தோற்றுவிட்டார் என்றே கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் ஒன்று மட்டும் உதைத்தது. பாப்பா காணாமல் போனபோதும் அத்தை அப்படி அழவில்லை, கிடைத்தபோதும் அழவில்லை. எங்கப்பா மரம் வெட்டினவர் என்று சொன்னபோதுதான் அழுதார். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே, அதற்குப் போய் எதற்கு அழுதார் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டு என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். சிரம்பான் வரும்வரை என் எண்ணெய்த் தலையைத் தடவிக்கொண்டே வந்தார்.